காரைக் குலுங்காமல் நிறுத்துவது எப்படி? கொங்குச் சாலைகளுக்கு ஒரு முழுமையான பிரேக் வழிகாட்டி

பிரேக்கை மிதிக்க யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. பயம் வந்தால் கால் தானாகப் போய்விடும். மிதித்த காலை எப்போது, எவ்வளவு, எவ்வளவு மெதுவாக எடுப்பது என்பதுதான் பழகி வர வேண்டிய விஷயம். கார் கடைசியில் ஒரு வெட்டு வெட்டி நிற்கிறது, பின் சீட்டில் தூங்கிக்கொண்டிருந்த அப்பத்தாவின் தலை முன்னால் போய்ப் பின்னால் சாய்கிறது என்றால், டிரைவர் அதிகமாக மிதித்துவிட்டார் என்று நினைக்கிறோம். பெரும்பாலும் அப்படி இல்லை. அவர் அளவாகத்தான் மிதித்திருப்பார். வண்டி நிற்கும்வரை அதே அழுத்தத்தை விடாமல் வைத்திருந்ததுதான் கோளாறு.

டிரைவிங் ஸ்கூலில் எட்டுப் போடவும் ரிவர்ஸ் எடுக்கவும் மெனக்கெட்டுச் சொல்லித்தருகிறார்கள். நிறுத்துவது மட்டும் "கிளட்ச், பிரேக்" என்ற இரண்டு சொல்லோடு முடிந்துவிடுகிறது. அங்கே விட்டுப்போனதைத்தான் இங்கே எழுதுகிறேன். கோவை, திருப்பூர், ஈரோடு, சேலம், நாமக்கல், கரூர் பக்கம் ஓட்டுகிறவர்களை மனதில் வைத்து எழுதுவதால் மலை இறக்கத்துக்குக் கொஞ்சம் கூடுதல் இடம் கொடுத்திருக்கிறேன். நம் பக்கத்தில் எந்த ஊரிலிருந்து கிளம்பினாலும் ஏதாவது ஒரு மலை அருகில்தான் இருக்கிறது.

முதலில், குறை காலிலா வண்டியிலா?

இதைத் தெரிந்துகொள்ளாமல் பழக ஆரம்பித்தால் வீண் வேலை. அதிகாலையில், பின்னால் வண்டி வராத, மேடு பள்ளமில்லாத ஒரு நேர்ச்சாலைக்குப் போங்கள். பல்லடத்தைத் தாண்டித் தாராபுரம் பக்கம் போனால் அப்படிப்பட்ட சாலைக்குப் பஞ்சமில்லை. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போய், ஸ்டியரிங்கை லேசாகப் பிடித்தபடி, மிதமாக பிரேக் பிடித்து வேகத்தைக் குறையுங்கள்.

பெடல் காலுக்கு அடியில் தட்டித் தட்டித் திருப்பி உதைக்கிறதா? வேகம் குறையக் குறைய அந்தத் தட்டலும் மெதுவாகிறதா? அது சக்கரத்தோடு சுழலும் டிஸ்க் (தட்டு) அல்லது டிரம் (மூடிய உருளை) சம்பந்தப்பட்டது; பிரேக் பிடிப்பது இவற்றின் மேல்தான். வண்டி ஒரு பக்கமாக இழுக்கிறதா? டயர் காற்றையும், பேடுகளை (உராய்வுக் கட்டைகளை) டிஸ்க்கின் மேல் அழுத்தும் காலிப்பரையும் பார்க்க வேண்டும். லேசாகத் தொட்டதுமே கவ்விப் பிடிக்கிறதா? பேடிலோ டிரம்மிலோ வேலை இருக்கிறது. இவற்றுக்கெல்லாம் கீழே பட்டறைப் பகுதிக்குப் போய்விடலாம். எதுவுமே இல்லை, 60-இலிருந்து 5 வரை வெண்ணெய் மாதிரி வந்து, கடைசி ஒரு விநாடியில் மட்டும் வெடுக்கென்கிறது என்றால் வண்டி நன்றாக இருக்கிறது. பழக வேண்டியது கால்.

உட்காரும் முறை

இது சின்ன விஷயம், ஆனால் தவிர்க்க முடியாதது. பெடலை முழுவதும் அமுக்கிய நிலையில் முழங்கால் இன்னும் கொஞ்சம் மடங்கியே இருக்க வேண்டும். கால் நீண்டு விறைத்திருந்தால் தொடையிலிருந்து மிதிக்க வேண்டி வரும். தொடைக்கு நிதானம் தெரியாது. குதிகாலைத் தரையில் ஊன்றி, கணுக்காலை அசைத்து, பெருவிரலுக்குக் கீழே உள்ள சதைப்பகுதியால் அழுத்துங்கள். தளதளவென்ற ஹவாய்ச் செருப்பு பெடலுக்கு அடியில் மாட்டிக்கொள்ளும். அதற்கு வெறுங்காலே மேல். டிரைவர் பக்கத் தரையில் தண்ணீர் பாட்டில், இளநீர், கோயில் தேங்காய் எதுவும் உருளக் கூடாது. பெடலுக்குக் கீழே ஒரு பாட்டில் போய்ச் சிக்கினால் இந்தக் கட்டுரை எதுவும் உதவாது.

கண்ணும் இடைவெளியும்

நன்றாக நிறுத்துகிறவர்களைக் கவனித்தால், பிரேக்கில் கால் வைப்பதற்கு வெகுமுன்பே அவர்கள் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்திருப்பார்கள். 200 மீட்டர் தள்ளி சிக்னல் சிவப்பாக இருக்கிறது என்று தெரிந்த பிறகும் அதே வேகத்தில் போய் நின்று என்ன ஆகப்போகிறது? அவிநாசி ரோட்டில் தினமும் இதைப் பார்க்கலாம். ஒருவர் முந்திக்கொண்டு போய் வெடுக்கென்று நிற்பார். அரை நிமிடம் கழித்து நிதானமாக வந்தவர் அவருக்குப் பக்கத்திலேயே வந்து நிற்பார்.

சில கணக்குகளைத் தெரிந்து வைத்துக்கொண்டால் கண்ணுக்கு அளவு பிடிபடும். உள்ளே இருப்பவர்களுக்குத் தெரியாத அளவுக்கு மெதுவாக, அதாவது விநாடிக்கு விநாடி மணிக்கு 7 கிலோமீட்டர் வீதம், வேகத்தைக் குறைப்பதாக வைத்துக்கொள்வோம். மணிக்கு 40 கிலோமீட்டரிலிருந்து நிற்க ஏறக்குறைய 30 மீட்டர் வேண்டும். 60-இலிருந்து ஏறக்குறைய 70 மீட்டர். 80-இலிருந்து 120 மீட்டருக்கு மேல். வேகம் இரண்டு மடங்கானால் தூரம் நான்கு மடங்காகிறது. காய்ந்த தார்ச்சாலையில் நல்ல டயரோடு முழுப் பலத்தில் மிதித்தால் 60-இலிருந்து 20 மீட்டரில்கூட நிறுத்திவிடலாம். ஆனால் அது ஆபத்துக்கு என்று வைத்திருக்கும் கையிருப்பு. தினமும் அதை எடுத்துச் செலவழிக்கக் கூடாது.

ஆக, முன்னால் போகும் வண்டிக்கும் உங்களுக்கும் நடுவில் இடம் இல்லாமல் மென்மையான பிரேக் என்று ஒன்று கிடையாது. முன்வண்டி ஒரு கம்பத்தைத் தாண்டியதிலிருந்து நீங்கள் தாண்டுவதற்கு மூன்று விநாடி ஆக வேண்டும். 80 வேகத்தில் அது 66 மீட்டர். அந்த இடைவெளியில் யாராவது வந்து புகுந்துவிடுவார்கள் என்பது உண்மைதான். புகுந்தால் புகட்டும், இன்னும் கொஞ்சம் பின்வாங்குங்கள். பொள்ளாச்சி ரோட்டிலும் கோபி ரோட்டிலும் பறக்கும் தனியார் பஸ்களுக்குப் பின்னால் போகும்போது இது கட்டாயம். கை காட்டிய இடத்தில் நிற்பது அவர்கள் பிழைப்பு; அதைப் பார்த்து வியந்து பயனில்லை.

தொடுதல், அழுத்துதல், விடுதல்

இனி விஷயத்துக்கு வருவோம். ஒரு முறை நிறுத்துவதை மூன்று பகுதியாகப் பிரித்துப் பழகுங்கள்.

முதல் பகுதி, தொடுதல். பெடலில் முதல் ஒன்றிரண்டு சென்டிமீட்டருக்கு எதுவும் நடக்காது. அந்தத் தளர்வை மட்டும் எடுத்துவிட்டு, பேட் டிஸ்க்கை உரசத் தொடங்கும் இடத்தில் ஒரு கணம் நில்லுங்கள். பின்னால் வருகிறவருக்குச் சிவப்பு விளக்கு தெரிந்துவிடும். வண்டியின் எடை மெதுவாக முன்சக்கரங்களின் மேல் சாயத் தொடங்கும். உள்ளே இருப்பவர்களின் உடம்பும் தயாராகிவிடும்.

இரண்டாவது, அழுத்துதல். தொட்ட இடத்திலிருந்து ஒரே சீராக அழுத்தத்தைக் கூட்டி, உங்களுக்குத் தேவையான அளவை முதல் பாதியிலேயே எட்டிவிடுங்கள். பலரும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். ஆரம்பத்தில் தயங்கித் தயங்கி மிதித்துவிட்டு, முன்வண்டி நெருங்கியதும் பதறி இன்னும் அழுத்துகிறார்கள். அப்புறம் அழுத்தத்தின் உச்சத்திலேயே வண்டி நின்றுவிடுகிறது. கோவைக்குப் பக்கத்தில் செட்டிபாளையத்தில் இருக்கும் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் பந்தயக் காரோட்டிகள் வளைவுக்கு முன் பிரேக் பிடிப்பதைக் கவனித்தால் ஒன்று தெரியும். பலமெல்லாம் முதலிலேயே போய்விடும். வளைவு நெருங்க நெருங்கக் கால் இளகிக்கொண்டே வரும். அவர்கள் பலம் வேறு, வேகம் வேறு. ஆனால் பிரேக்கின் வடிவம் நமக்கும் அதேதான்: முன்பகுதி கனம், பின்பகுதி மெலிவு.

மூன்றாவது, விடுதல். வேகமானி மணிக்கு 10-க்குக் கீழே வந்ததும் அழுத்தத்தைக் குறைக்கத் தொடங்குங்கள். சக்கரம் கடைசிச் சுற்றில் இருக்கும்போது பெடலில் கால் வைத்திருக்கும் கனம் மட்டும்தான் இருக்க வேண்டும். வண்டி முழுவதும் நின்ற பிறகு, உருளாமல் இருக்க மறுபடி கொஞ்சம் அழுத்திப் பிடித்துக்கொள்ளுங்கள். காலைப் பட்டென்று தூக்கிவிடுவதல்ல இது. குதிகால் ஊன்றியபடியே விரல்களை மட்டும் இளக்குவது.

ஏன் இப்படிச் செய்ய வேண்டும்? பிரேக் பிடிக்கும்போது முன்பக்க ஸ்பிரிங்குகள் அமுங்கி, வண்டியின் மூக்கு தாழ்கிறது. சக்கரம் நின்ற அதே கணத்தில் பின்னோக்கி இழுக்கும் விசை சட்டென்று மறைந்துவிடுவதால், அமுங்கிய ஸ்பிரிங் வண்டியை மேலே தூக்கிப் பின்னால் தள்ளுகிறது. தலை பின்னால் சாய்வது இதனால்தான். போதாக்குறைக்கு, வேகம் மிகக் குறையும்போது பேடும் டிஸ்க்கும் இன்னும் இறுகப் பற்றிக்கொள்ளும் தன்மையுடையவை. ஒரே அழுத்தத்தை வைத்திருந்தால்கூடக் கடைசி அடியில் பிரேக் தானாகவே கூடிவிடுகிறது. நிற்பதற்கு முன்பே விசையைக் கரைத்துவிட்டால் ஸ்பிரிங்கும் மெதுவாக எழுந்து தன் இடத்துக்கு வந்துவிடும்.

"விட்டால் முன்வண்டியில் முட்டிவிடாதா?" என்று எல்லோரும் கேட்பார்கள். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மேலே சொன்ன மிதமான பிரேக்கில், மணிக்கு 5 கிலோமீட்டரிலிருந்து அதே அழுத்தத்தோடு நின்றால் 50 சென்டிமீட்டர் ஓடும். அங்கிருந்து அழுத்தத்தைச் சீராகக் குறைத்துக்கொண்டே வந்து நின்றால் 66 சென்டிமீட்டர். வித்தியாசம் 16 சென்டிமீட்டர், ஒரு சாண்கூட இல்லை. 10-இலிருந்தே விடத் தொடங்கினாலும் ஓர் இரண்டடிதான் கூடுதல். அந்த இரண்டடியை முன்கூட்டியே ஒதுக்கிக்கொண்டு நிற்கும் இடத்தைத் தீர்மானியுங்கள். ஸ்டாப் கோட்டைக் குறிவைக்காமல் அதற்கு ஒரு மீட்டர் முன்னால் குறிவைத்தால் சரியாக வரும்.

பழகுவதற்கு ஒரு வழி: மூடியில்லாத டம்ளரில் பாதிக்கு மேல் தண்ணீர் ஊற்றி, கியருக்கு முன்னால் இருக்கும் கப் வைக்கும் இடத்தில் வையுங்கள். 30 கிலோமீட்டர் வேகத்திலிருந்து, தரையில் ஓர் அடையாளத்தை வைத்து நிறுத்திப் பாருங்கள். முதலில் வண்டி அடையாளத்தைத் தாண்டும், அல்லது அதற்கு வெகு முன்னாலேயே நின்றுவிடும். தண்ணீரும் சிந்தாமல், அடையாளத்திலும் சரியாக நிற்க வந்த பிறகு வேகத்தைக் கூட்டலாம். நாமக்கல்லிலிருந்து முட்டை அட்டை வாங்கி வரும் நாளில் எல்லோருக்கும் கால் இப்படித்தான் வேலை செய்கிறது. மற்ற நாட்களில்தான் மறந்துவிடுகிறது.

கிளட்ச்சை எப்போது மிதிப்பது?

பிரேக்கைத் தொடும்போதே கிளட்ச்சையும் அமுக்கிவிடுவது நம் ஊரில் பரவலான பழக்கம். அமுக்கியதும் எஞ்சின் தரும் இழுப்பு போய், வண்டி ஒரு கணம் முன்னால் வழுக்குவது போலிருக்கும். அதை ஈடுகட்ட பிரேக்கை இன்னும் அழுத்துவீர்கள். அங்கேயே சீர் கெட்டுவிடுகிறது. கியரிலேயே வேகத்தைக் குறைத்து வாருங்கள். எஞ்சின் திணறத் தொடங்குவதற்குச் சற்று முன்னால் கிளட்ச்சை அமுக்கினால் போதும். இரண்டாவது கியரில் அது பெரும்பாலும் 10, 15 கிலோமீட்டர் வேகத்தில் வரும். அதாவது பிரேக்கை விடத் தொடங்கும் கட்டத்துக்குக் கிட்டத்தட்ட அருகில். அதைவிடத் தாமதித்தால் வண்டி உதறும். அந்த உதறலை பிரேக்கின் மேல் பழி போடக் கூடாது.

ஆட்டோமேட்டிக் கார்களில் எஞ்சின் கடைசி வரை வண்டியை முன்னால் தள்ளிக்கொண்டே இருக்கும். அதனால் விடும்போது முழுவதும் விடாமல், அந்தத் தள்ளலைப் பிடித்துவைக்கும் அளவு அழுத்தம் மிச்சம் இருக்க வேண்டும். ஏஎம்டி கார்கள் (சாதாரண கியர்பாக்ஸில் கிளட்ச்சையும் கியரையும் இயந்திரமே மாற்றும் வகை) நிற்கப்போகும் நேரத்தில் தாமாகவே கியரைக் குறைப்பதால் சில வண்டிகளில் ஒரு சிறு இழுப்பு வரும். அது எந்த வேகத்தில் வருகிறது என்று பழகிக்கொண்டு, அந்தக் கணத்தில் காலைச் சற்று இளக்குங்கள். மின்சார காரில் ஆக்ஸிலேட்டரை விடுவதே பிரேக். மோட்டார் ஜெனரேட்டராக மாறி வேகத்தை மின்சாரமாக்குகிறது. அதை உச்ச அளவில் வைத்துவிட்டு, பெட்ரோல் கார் பழக்கத்தில் காலைப் பட்டென்று எடுத்தால் கூட இருப்பவர்களுக்குக் குமட்டும். பழகும்வரை குறைந்த அளவில் வைத்துக்கொள்வது நல்லது.

வேகத்தடை, காயப்போட்ட சோளம், மழை

வேகத்தடையின் மேல் ஏறும்போது பிரேக்கில் கால் இருக்கக் கூடாது. மூக்கு தாழ்ந்து ஸ்பிரிங் அமுங்கிய நிலையில் மேட்டில் ஏறினால் அடி நேராக உள்ளே வரும். தடைக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, முன்சக்கரம் தொடுவதற்குச் சற்று முன் காலை எடுத்துவிடுங்கள். மூக்கு எழும், சக்கரம் சுலபமாக ஏறும். குழிக்கும் இதுவே முறை. வெள்ளைக் கோடு அழிந்துபோன தடைகள் ஊருக்கு ஊர் இருக்கின்றன. பள்ளிக்கூடம், கோயில், ரேஷன் கடை கண்ணில் பட்டால் ஒன்று இருக்கும் என்றே வைத்துக்கொள்ளலாம்.

அறுவடைக் காலத்தில் கிராமச் சாலையே களமாகிவிடும். சோளம், ராகி, கொள்ளு, எள் என்று தார்மேல் பரப்பிவிடுவார்கள். அதன் மேல் டயருக்குப் பிடிமானம் கிடையாது. பரப்பின் மேல் போய் பிரேக் பிடிப்பதைத் தவிர்த்து, அதற்கு முன்னாலேயே வேகத்தைக் குறைத்துவிட்டு ஸ்டியரிங்கை நேராக வைத்து உருண்டு போங்கள். சோளத்தட்டும் கொடியும் கனமாகக் கிடந்தால் ஒதுங்கிப் போவதே மேல். அது அடியில் சுற்றிக்கொண்டு சைலன்ஸர் சூட்டில் தீப்பிடிக்கவும் கூடும்.

நீண்ட வெயிலுக்குப் பிறகு வரும் முதல் மழையில், சாலையில் படிந்த எண்ணெயும் தூசியும் சேர்ந்து வழுவழுப்பாகிவிடும். இடைவெளியை இரட்டிப்பாக்குங்கள். கோவையில் லங்கா கார்னர், அவிநாசி ரோடு ரயில்வே பாலங்களுக்கு அடியில் தேங்கிய தண்ணீரைக் கடந்து வந்தால், வெளியே வந்ததும் பின்னால் பார்த்துக்கொண்டு, மெதுவாக ஓட்டியபடி பிரேக்கை லேசாக உரசவிடுங்கள். அந்த உரசல் சூட்டில் ஈரம் காயும். டிரம்முக்குள் புகுந்த தண்ணீர் டிஸ்க்கைவிடத் தாமதமாகத்தான் வெளியேறும்.

மலை இறக்கம்

திம்பத்தில் 27 கொண்டை ஊசி வளைவு, வால்பாறையில் 40, ஏற்காட்டில் 20, கொல்லிமலையில் 70. ஏறுவது எஞ்சினுக்குச் சோதனை, இறங்குவது பிரேக்குக்கு. 1,200 கிலோ எடையுள்ள கார் ஆயிரம் மீட்டர் உயரத்திலிருந்து இறங்கினால், அது இழக்கும் ஆற்றல், அதே காரை 80 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 40 தடவை முழுவதுமாக நிறுத்துவதற்குச் சமம். ஊட்டியிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கும் உயரம் 1,900 மீட்டருக்கு அருகில் வருகிறது. இத்தனையும் சூடாகத்தான் மாற வேண்டும். பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால் அந்தச் சூடு முழுவதும் பேடுக்கும் டிஸ்க்குக்கும் போகும். கியரில் இறங்கினால் பெரும்பங்கு எஞ்சினுக்குப் போய்விடும்.

எந்த கியரில் ஏறுவீர்களோ அதே கியரில் இறங்குங்கள் என்பது பழைய விதி, இன்றைக்கும் சரி. செங்குத்தான இடங்களில் இரண்டாவது, சில வளைவுகளில் முதலாவது. எஞ்சின் இரைந்தால் பயப்பட வேண்டாம். அது வேலை செய்கிறது, அவ்வளவுதான். பிரேக்கைத் தொடர்ந்து லேசாக உரசிக்கொண்டே வராமல், வேகம் ஏறியதும் ஒரு முறை அழுத்திப் பிடித்துக் குறைத்து, முழுவதும் விட்டுவிடுங்கள். விட்ட இடைவெளியில் காற்று பட்டு டிஸ்க் ஆறும். வளைவுக்கு முன்பே குறைத்து முடித்துவிட்டால் உள்ளே இருப்பவர்களுக்கு வாந்தி வருவதும் பாதியாகக் குறையும். ஒரே நேரத்தில் முன்னாலும் பக்கவாட்டிலும் உடம்பு இழுபடுவதுதான் வயிற்றைப் புரட்டுவது.

நியூட்ரலில் விடுவது பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். டீசல் மிச்சம் என்று லாரிக்காரர்கள் செய்து, தருமபுரிக்கும் சேலத்துக்கும் நடுவில் தொப்பூர் கணவாயில் எத்தனை விபத்து நடந்திருக்கிறது என்பது நம் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். காரில் அந்த மிச்சமும் கிடையாது. இன்றைய எஞ்சின்களில், கியரில் இருக்கும்போது ஆக்ஸிலேட்டரை விட்டால் எரிபொருள் பாய்வதே நின்றுவிடும். நியூட்ரலில் போட்டால்தான் எஞ்சின் அணையாமல் இருக்க எரிபொருள் போகும். சாவியை அணைத்து இறங்குவது அதைவிட மோசம். காலின் அழுத்தத்தைப் பெருக்கித் தரும் பிரேக் பூஸ்டர் எஞ்சின் தரும் உறிஞ்சலில் இயங்குவது. அணைத்தபின் ஒன்றிரண்டு மிதிக்குத்தான் அதன் உதவி இருக்கும். அப்புறம் பெடல் கல்லாகிவிடும். பவர் ஸ்டியரிங்கும் போய்விடும்.

கருகிய வாடை வந்தாலோ, பெடல் வழக்கத்தைவிடக் கீழே போனாலோ பிடிவாதம் பிடிக்காமல் ஒதுக்குப்புறமாக நிறுத்துங்கள். கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கல் வையுங்கள். சூடாக இருக்கும் டிஸ்க்கில் தண்ணீர் ஊற்றக் கூடாது. வளையவும் விரிசல் விடவும் வாய்ப்புண்டு. ஓர் அரை மணி நேரம் ஆறட்டும், டீ குடியுங்கள். பெடல் உள்ளே போவதற்குக் காரணம் பெரும்பாலும் பிரேக் ஆயில் கொதித்துக் குமிழி விடுவது. டாட் 4 என்ற தரப்பிரிவு ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தபட்சம் 230 டிகிரி செல்சியஸ் வரை தாங்கும். அது காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது; ஈரம் ஏறிய பிறகு தாங்கும் அளவு 155 டிகிரிக்கு இறங்கிவிடும். டாட் 3-க்கு இது 205-உம் 140-உம். மலைக்கு அடிக்கடி போகிறவர்களை இரண்டு வருடத்துக்கு ஒரு முறை ஆயிலை மாற்றச் சொல்வதன் காரணம் இதுதான்.

அவசரம் என்றால்

மேலே சொன்ன எல்லாவற்றையும் மறந்துவிடுங்கள். குறுக்கே குழந்தையோ மாடோ வந்தால் முழுப் பலத்தோடு மிதித்து, விடாமல் பிடியுங்கள். இந்தியாவில் 2019 ஏப்ரலிலிருந்து புதிய கார்களில் ஏபிஎஸ் (சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) கட்டாயம். அது வேலை செய்யும்போது பெடல் கரகரவென்று அதிரும். அதைக் கோளாறு என்று நினைத்துக் காலைத் தளர்த்துகிறவர்கள் நிறையப் பேர். தளர்த்தாமல் ஸ்டியரிங்கைத் திருப்பி விலகப் பாருங்கள். சக்கரம் பூட்டிக்கொள்ளாததால் வண்டி திரும்பும்; ஏபிஎஸ் இருப்பதே அதற்காகத்தான். ஏபிஎஸ் இல்லாத பழைய காரில் சக்கரம் வழுக்கினால் மட்டும் கொஞ்சம் விட்டு மறுபடி பிடியுங்கள்.

பட்டறைக்குப் போகும் முன்

நல்ல மெக்கானிக் முதலில் கேட்கும் கேள்வி இது: "ஏனுங்க, ஸ்டியரிங் ஆடுதுங்களா, சீட்டு ஆடுதுங்களா?" ஸ்டியரிங் ஆடினால் பெரும்பாலும் முன் டிஸ்க். ஸ்டியரிங் அமைதியாக இருந்து சீட்டும் பெடலும் மட்டும் அதிர்ந்தால் பின்பக்க டிரம் வட்டம் கெட்டிருக்கலாம். இதைச் சொல்லத் தெரிந்தால் பாதி நேரம் மிச்சம், தேவையில்லாத பாகம் மாற்றுவதும் குறையும்.

டிஸ்க் வளைந்துவிட்டது என்பார்கள். பல நேரங்களில் வளைந்திருக்காது. ஒரு சுற்றுக்குள் அதன் தடிமன் இடத்துக்கு இடம் மாறியிருக்கும். ஒரு மில்லிமீட்டரை நூறாகப் பங்கிட்டு அதில் இரண்டு பங்கு வித்தியாசம் இருந்தாலே காலுக்குத் தெரிந்துவிடும். கண்ணால் பார்த்து எதுவும் சொல்ல முடியாது. டயல் கேஜ், மைக்ரோமீட்டர் வைத்துத்தான் பார்க்க வேண்டும். கோவையில் லேத்துப் பட்டறைக்கும் அளவெடுக்கத் தெரிந்தவருக்கும் பஞ்சமா என்ன? கடைந்து சரிசெய்யலாம், ஆனால் ஒரு நிபந்தனையோடு: டிஸ்க்கிலேயே குறைந்தபட்சத் தடிமன் பொறித்திருக்கும், கடைந்த பிறகும் அதற்கு மேல் இருக்க வேண்டும். இல்லையென்றால் புதிது வாங்குங்கள். மெலிந்த டிஸ்க் சூட்டைத் தாங்காது. மலை இறக்கத்தில் அது தெரியவரும்.

டிஸ்க் இப்படிக் கெடுவதற்கு அதிகம் பேசப்படாத ஒரு காரணம் வீல் நட். பஞ்சர் கடையில் கம்ப்ரஸர் துப்பாக்கியால் ஒரு நட்டை அளவுக்கு மீறியும் இன்னொன்றைக் குறைத்தும் முறுக்கினால் டிஸ்க் ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்காரும். ஓடஓட ஒரே இடத்தில் உரசித் தேயும். சில ஆயிரம் கிலோமீட்டர் கழித்து பெடல் ஆடத் தொடங்கும்போது யாருக்கும் பஞ்சர் கடை ஞாபகம் இருக்காது. நட்டுகளை எதிரெதிராக மாற்றி மாற்றி, டார்க் ரெஞ்சில் (முறுக்கும் அளவைக் காட்டும் ஸ்பேனர்), கார் கையேட்டில் உள்ள அளவுக்கு முறுக்கச் சொல்லுங்கள். சிறிய கார்கள் பலவற்றுக்கு அது 100 நியூட்டன் மீட்டரை ஒட்டி இருக்கும்.

ஒரு பக்கம் இழுத்தால் முதலில் டயர் காற்று. அது சரியாக இருந்தால் காலிப்பர் நகரும் பின்கள் துருவேறியோ காய்ந்தோ சிக்கியிருக்கும். கழற்றித் துடைத்து அதற்குரிய சிலிக்கான் கிரீஸ் தடவினால் போதும். சாதாரண கிரீஸ் ரப்பரை உப்பவைத்துவிடும். கீச்சென்ற சத்தம் எப்போதும் ஆபத்தல்ல. மழை இரவுக்குப் பிறகு காலையில் வரும் சரசரப்பு டிஸ்க்கின் மேல் படிந்த துரு, நான்கு தடவை பிரேக் பிடித்தால் போய்விடும். ஆனால் நாள் முழுவதும் கீச்சிட்டால் பேடைப் பாருங்கள். பல பேடுகளில் தேய்மானம் எல்லைக்கு வந்ததும் டிஸ்க்கில் உரசிச் சத்தம் போட ஒரு தகடு வைத்திருப்பார்கள். பேடின் உராயும் பகுதி 3 மில்லிமீட்டருக்கு வந்துவிட்டால் மாற்றிவிடலாம்.

பெடல் பஞ்சு மாதிரி இருந்தால் லைனில் காற்று. ஏர் எடுக்க வேண்டும், கூடவே எங்கேயாவது ஒழுகுகிறதா என்றும் பார்க்க வேண்டும். பெடல் கல் மாதிரி இருந்தால் பூஸ்டர் சந்தேகம். அதை வீட்டிலேயே சோதிக்கலாம்: எஞ்சினை அணைத்துவிட்டு, பெடல் கெட்டியாகும்வரை நான்கைந்து தடவை மிதியுங்கள். கெட்டியானதும் அமுக்கியபடியே ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் கொஞ்சம் கீழே இறங்கினால் பூஸ்டர் நலம். இறங்கவே இல்லையென்றால் அன்றைக்கே பட்டறைக்குப் போங்கள்.

புது பேட் போட்ட பிறகு

புது பேட் முதல் நாளிலேயே மென்மையாகப் பிடிக்காது. பேடும் டிஸ்க்கும் ஒன்றுக்கொன்று பழகி, பேடின் பொருள் டிஸ்க்கின் மேல் சீரான மெல்லிய படலமாகப் படிய வேண்டும். பேட் அட்டைப்பெட்டியில் தனியாக முறை எழுதியிருந்தால் அதன்படி செய்யுங்கள். இல்லையென்றால், கூட்டமில்லாத சாலையில் 60-இலிருந்து 20 வரை மிதமாக வேகத்தைக் குறைத்து, மறுபடி வேகமெடுத்து, நடுவில் அரை நிமிடமாவது ஆறவிட்டு, எட்டுப் பத்து தடவை செய்யுங்கள். முழுவதும் நிறுத்தக் கூடாது. சூடான பேடை ஒரே இடத்தில் அழுத்திப் பிடித்து நின்றால் அந்த இடத்தில் மட்டும் அதிகமாகப் படிந்து, பின்னால் அதுவே பெடல் ஆட்டமாக வரும். முடித்ததும் ஐந்து பத்து கிலோமீட்டர் பிரேக்கை அதிகம் தொடாமல் ஓட்டி ஆறவிடுங்கள். அடுத்த 200, 300 கிலோமீட்டருக்கு முரட்டு பிரேக் வேண்டாம். அதற்குள் கொல்லிமலைக்குத் திட்டம் போட்டிருந்தால் ஒரு வாரம் தள்ளிவையுங்கள்.